டேட்டா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால்: உற்பத்தித் துறைக்குப் புதியவர்களுக்கு

தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வரும் யாருக்கும் சீக்கிரமே எதிர்ப்படும் சிக்கல் இது. நூறு அளவீடுகளை எடுத்து மென்பொருளில் போடுகிறீர்கள், ஹிஸ்டோகிராம் மணி வடிவில் வராமல் இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் நீளமாக வாலை இழுத்துக்கொண்டு வருகிறது, கூடவே 'பி மதிப்பு 0.005-க்கும் குறைவு' என்று ஒரு வரி, அதாவது இது மணி வடிவப் பரவலிலிருந்து வந்த டேட்டா என்று நம்புவது கடினம் என்று. உடனே பக்கத்தில் இருப்பவர் "லாக் எடுத்துடு, இல்லன்னா பாக்ஸ்-காக்ஸ் போடு" என்பார், அதாவது எண்களை ஒரு சூத்திரத்தில் போட்டு மணி வடிவத்துக்கு மாற்று என்று. போட்டால் பி மதிப்பு சரியாகிவிடும், ரிப்போர்ட்டும் போய்விடும். அந்த வால் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டே ஆக வேண்டும். சில டேட்டா இயற்கையாகவே சாயும், அதை நோய் மாதிரி நினைத்து வைத்தியம் பார்க்கத் தேவையில்லை. சில டேட்டா மெஷினில் ஏதோ கெட்டிருப்பதால் சாயும், அதற்கு லாக் எடுப்பது நல்ல தடயத்தை அழிப்பதற்குச் சமம். எது எந்த வகை என்று கணக்குச் சூத்திரம் சொல்லாது. அதனால் கீழே வரும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்; கணக்கு பின்னால்தான் வரும்.

படி 1: நேர வரிசையில் வரைந்து பாருங்கள்

ஹிஸ்டோகிராமுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. பாகங்கள் மெஷினிலிருந்து வந்த வரிசையிலேயே அளவீடுகளைப் புள்ளிகளாக வையுங்கள். ஹிஸ்டோகிராம் நேரத்தை அழித்துவிடும், எந்தப் பாகம் முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்பது அதில் தெரியாது. டூல் தேயத் தேய அளவு மெல்ல ஏறி, கடைசி இருபது பாகங்களில் சரசரவென்று மேலே போயிருந்தால், ஹிஸ்டோகிராமில் அது அழகான வலப்பக்க வாலாகத்தான் தெரியும். நேர வரிசையில் பார்த்தால் பரவலின் வடிவம் பற்றிய பேச்சே எழாது, டூலை எப்போது மாற்றுவது என்ற பேச்சுதான் எழும்.

வரிசை எழுதி வைக்கப்படவில்லை, பெட்டியிலிருந்து அள்ளி அளந்தது என்றால், முடிந்தவரை திரும்ப எடுங்கள். இது கொஞ்சம் கறாராகத் தெரியலாம். ஆனால் நிலையாக இல்லாத ஒரு இயக்கத்துக்கு எந்தப் பரவலைப் பொருத்தினாலும் அதற்குப் பொருள் கிடையாது, ஏனென்றால் நாளைக்கு அந்தப் பரவலே இருக்காது.

படி 2: கலப்படமா, வெட்டுப்பட்டதா, கேஜ் செய்த வேலையா?

நேர வரிசை நிதானமாக இருக்கிறது, ஆனாலும் சாய்வு இருக்கிறது. சரி, அடுத்து மூன்று சந்தேகங்கள்.

முதலாவது கலப்பு. நாலு கேவிட்டி (பாகம் உருவாகும் குழி) உள்ள மோல்டில் மூன்று ஒரே மாதிரி, ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறது என்றால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒருபக்க வால் கிடைக்கும். இரண்டு மெஷின், இரண்டு ஷிப்ட், இரண்டு சப்ளையரின் மூலப்பொருள் என்று எதிலும் இப்படி நடக்கலாம். ஒவ்வொரு குழுவையும் தனி நிறத்தில் வரைந்தாலே போதும், பெரிய சோதனை எதுவும் தேவைப்படாது. குழுக்களைப் பிரித்ததும் ஒவ்வொன்றும் சமச்சீராக வந்துவிட்டால் வேலை முடிந்தது, நாலாவது கேவிட்டியைச் சரிசெய்யப் போங்கள்.

இரண்டாவது, வெட்டுப்பட்ட டேட்டா. ஹிஸ்டோகிராம் சரியாக மேல் வரம்பில் கத்தியால் அறுத்த மாதிரி நின்றால், உங்களுக்கு வருவதற்கு முன்பே யாரோ ரிஜெக்ட்களைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். வரம்பை ஒட்டி உள்பக்கத்தில் மட்டும் ஒரு குவியல் இருந்தால் ரீவொர்க் நடந்திருக்கலாம், அல்லது அளப்பவர் எல்லைக்கோட்டுப் பாகங்களுக்குக் கொஞ்சம் கருணை காட்டியிருக்கலாம். இந்த டேட்டாவுக்கு எந்தப் பரவலும் பொருந்தாது, பொருந்தினாலும் நம்பாதீர்கள். பொறுக்குவதற்கு முந்தைய அளவீடுகள் வேண்டும்.

மூன்றாவது கேஜ். 0.01 மில்லிமீட்டர் வரைதான் படிக்கும் கருவியால் 0.04 மில்லிமீட்டர் பரவலை அளந்தால், உங்களிடம் இருப்பது நாலைந்து தனி எண்கள் மட்டும். உள்ளே பரவல் கச்சிதமான மணி வடிவமாகவே இருந்தாலும் ஆண்டர்சன்-டார்லிங் சோதனை அதை இயல்நிலைப் பரவல் இல்லை என்று தள்ளிவிடும். அதேபோல ஆய்வகக் கருவி கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் பூஜ்யம் என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே வரும் சாய்வில் பாதி பதிவு செய்யும் முறையால் வந்தது. அந்த மதிப்புகளை 'இந்த அளவுக்குக் கீழே' என்றே வைத்துக்கொண்டு அதற்கென உள்ள முறைகளால் கையாள வேண்டும்.

தூரத்தில் நிற்கும் ஒரே ஒரு புள்ளியை என்ன செய்வது? அளவீட்டுப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் நீக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. பாகம் கையில் இருந்தால் திரும்ப அளங்கள்.

படி 3: இது சாய வேண்டிய டேட்டாதானா?

இங்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாத, பூஜ்யத்தை நெருங்குவதே இலக்காக உள்ள எதுவும் பெரும்பாலும் வலப்பக்கம் வால்விடும். சமதளத்தன்மை, வட்டத்தன்மை, ரன்-அவுட், மேற்பரப்புச் சொரசொரப்பு, கசிவு, மாசின் அளவு எல்லாம் இந்த ரகம். பழுது பார்க்க ஆகும் நேரம், செட்-அப் நேரம் ஆகியவையும் அப்படித்தான், ஒரு வேலை பத்து நிமிடம் முன்னால் முடிவது அரிது, இரண்டு மணி நேரம் இழுப்பது சகஜம். காரணங்கள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ளும் இடங்களில் லாக்நார்மல் பரவல் இயல்பாக வரும். பொருள் எப்போது உடையும் என்ற கேள்விக்கு வெய்புல் பரவல். எப்போதாவது தற்செயலாக நடக்கும் நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்துக்கு அடுக்குக்குறிப் பரவல்.

துளையின் இருப்பிடப் பிழையை எடுத்துக்கொள்வோம், இதில் குழம்பாதவர்கள் குறைவு. எக்ஸ் திசையில் விலகல், ஒய் திசையில் விலகல், இரண்டும் தனித்தனியே பூஜ்யத்தை மையமாகக் கொண்டு இயல்நிலைப் பரவலில், ஒரே திட்ட விலக்கத்துடன் (பரவலின் அகலத்தைச் சொல்லும் எண்) இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரைபடத்தில் கேட்கும் இருப்பிட மதிப்பு. அது ராலே பரவலாகத்தான் வரும், கோட்டம் (சாய்வை அளக்கும் எண், சமச்சீரான பரவலுக்கு 0) சுமார் 0.63. இப்போது மெஷினில் ஆஃப்செட் தப்பாகி மையம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? அதே இருப்பிட மதிப்பு மணி வடிவத்தை நோக்கிப் போகும்! அதாவது செட்டிங் கெடும்போது ஹிஸ்டோகிராம் அழகாகிறது, சரியாகும்போது சாய்கிறது. மணி வடிவம் வந்தால் நல்லது என்ற பொது நம்பிக்கை இந்த இடத்தில் முழுக்கத் தலைகீழ். அதனால் இருப்பிடப் பிழைக்கு மென்பொருள் வித்தைகளைவிட எளிய வழி ஒன்று உண்டு: எக்ஸையும் ஒய்யையும் குறியோடு தனித்தனியே கண்காணியுங்கள். எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதும் அதில்தான் தெரியும்.

இந்த மூன்று படிகளையும் தாண்டி நிற்கும் சாய்வுக்குத்தான் இனி வருகிற கணக்கு.

படி 4: கன்ட்ரோல் சார்ட்டா, கேப்பபிலிட்டியா?

கன்ட்ரோல் சார்ட் என்பது இயக்கம் நிலையாக இருக்கிறதா என்று எல்லைக் கோடுகளோடு நேர வரிசையில் கண்காணிக்கும் படம், கேப்பபிலிட்டி என்பது பாகங்கள் கேட்ட வரம்புக்குள் வருமா என்ற கணக்கு. இந்த இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை, ஆனால் பல இடங்களில் ஒரே மருந்தைத்தான் இரண்டுக்கும் கொடுக்கிறார்கள்.

கன்ட்ரோல் சார்ட் சாய்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1924-ல் இதை உருவாக்கிய வால்டர் ஷூஹார்ட் மூன்று திட்ட விலக்க எல்லையை, இயல்நிலைப் பரவல் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு வைக்கவில்லை. தேடுவதற்கு ஆகும் செலவையும் தேடாமல் விடுவதன் நட்டத்தையும் வைத்து நடைமுறையில் சரிவருவதாகத் தேர்ந்தெடுத்தார். மிகவும் சாய்ந்த அடுக்குக்குறிப் பரவலிலேயே கூட மேல் எல்லைக்கு வெளியே தற்செயலாக விழுவது சுமார் 1.8 சதவீதம்தான். இயல்நிலைப் பரவலின் 0.135 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான், சந்தேகமில்லை. ஆனால் தினம் பத்துப் புள்ளி வைக்கிற சார்ட்டில் அது ஐந்தாறு நாளைக்கு ஒரு பொய் அலாரம். சமாளிக்கலாம். அதோடு நாலு பாகங்களின் சராசரியை ஒரு புள்ளியாக வைத்தால் கோட்டம் பாதியாகக் குறைந்துவிடும், குழுவின் அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆகவே சராசரி சார்ட்டுக்கு மாற்றம் எதுவும் செய்யாமல் விடுவதே பெரும்பாலும் சரி. ஒவ்வொரு அளவையும் தனிப் புள்ளியாக வைக்கிற சார்ட்டில் சாய்வு கடுமையாக இருந்தால் மட்டும் மாற்று வழி தேடுங்கள். அரிதான குறைபாடுகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் கண்காணிக்கும்போது இந்த நிலை வரும். அங்கே மதிப்புகளை 0.2777 அடுக்குக்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட சமச்சீராகிவிடும் என்று லாயிட் நெல்சன் 1994-ல் காட்டினார்.

கேப்பபிலிட்டி வேறு கதை. அங்கே கேள்வியே வாலைப் பற்றியது: வரம்பைத் தாண்டி எத்தனை பாகம் போகும்? வாலின் வடிவத்தைத் தப்பாக எடுத்தால் விடை சின்னதாகத் தப்பாது, பல மடங்கு தப்பும்.

எண்ணோடு பார்ப்போம். கற்பனையான ஒரு சொரசொரப்பு அளவு, லாக்நார்மல் பரவல், இடைநிலை (பாதி அளவுகள் இதற்குக் கீழே) 0.80 மைக்ரான், லாக் எடுத்தபின் திட்ட விலக்கம் 0.35, மேல் வரம்பு 2.0 மைக்ரான். இதன் சாதாரணச் சராசரி 0.85, திட்ட விலக்கம் 0.307. கண்ணை மூடிக்கொண்டு வழக்கமான கேப்பபிலிட்டிக் குறியீட்டின் (சிபிகே) சூத்திரத்தில் போட்டால்:

(2.0 − 0.85) ÷ (3 × 0.307) = 1.25

அதன்படி பத்து லட்சத்தில் சுமார் 90 பாகங்கள் வரம்பைத் தாண்டும். இனி லாக் அளவில், வரம்புக்கும் லாக் எடுத்து:

(லாக் 2.0 − லாக் 0.80) ÷ (3 × 0.35) = 0.87

இங்கே லாக் என்றது இயற்கை மடக்கை. எக்செல்லில் எல்என் என்று இருக்கும் சூத்திரம். இதன்படி தாண்டுவது பத்து லட்சத்தில் சுமார் 4,400. தொண்ணூறு எங்கே, நாலாயிரத்து நானூறு எங்கே! வாடிக்கையாளரிடம் 1.25 என்று எழுதிக் கொடுத்தவர் சில வாரங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதே எண்களில் இன்னொரு அறிகுறியும் இருக்கிறது, கவனியுங்கள். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் கழித்தால் −0.07 வருகிறது. சொரசொரப்பு எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. எந்த மென்பொருளும் இல்லாமல் கையிலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது: பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத அளவீட்டில் இந்தக் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால், இயல்நிலைக் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: எந்தக் கருவி?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

படி 3-ல் சொன்ன காரணத்தை வைத்துப் பரவலைத் தேர்ந்தெடுத்து நேரடியாகப் பொருத்துவது எனக்குப் பிடித்த வழி. பதினாலு பரவல்களை ஓடவிட்டு அதிக பி மதிப்பு வந்ததை எடுப்பது பிடிக்காது; ஐம்பது அளவீட்டுக்கு நாலைந்து பரவல்கள் சமமாகப் பொருந்தும், வாலில் மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

இரண்டாவது உருமாற்றம். ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் 1964-ல் தந்த முறையில் லாம்டா என்ற ஒரு எண் கிடைக்கும். 1 என்றால் மாற்றமே வேண்டாம், 0.5 என்றால் வர்க்கமூலம், 0 என்றால் லாக், −1 என்றால் தலைகீழ். மென்பொருள் 0.37 என்று கொடுத்தால் அப்படியே எடுக்காதீர்கள், நம்பக எல்லைக்குள் 0.5-ஓ 0-ஓ இருக்கிறதா பார்த்து அதற்கு மாறுங்கள். லாக் எடுத்தோம் என்றால் எல்லோருக்கும் புரியும், 0.37 அடுக்கு என்றால் அடுத்த மாத டேட்டாவில் அது 0.29 ஆகிவிடும். பாக்ஸ்-காக்ஸுக்கு எல்லா மதிப்பும் பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும். பூஜ்யமோ எதிர்ம எண்ணோ இருந்தால் 2000-ல் வந்த இயோ-ஜான்சன் முறை உண்டு. எல்லாவற்றோடும் 1-ஐயோ 0.001-ஐயோ கூட்டிவிட்டு லாக் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், எதைக் கூட்டுகிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நழுவுவது: டேட்டாவை உருமாற்றினால் வரம்பையும் உருமாற்ற வேண்டும், லாம்டா எதிர்மமானால் மேல் வரம்பு கீழ் வரம்பாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மென்பொருள் உருமாற்றத்தைத் தானே செய்தால் வரம்புகளையும் தானே மாற்றிக்கொள்ளும். எக்செல்லில் கையால் செய்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சதமான வழி. ஜான் கிளெமென்ட்ஸ் 1989-ல் எழுதியது. ஐஎஸ்ஓ 22514-2 தரநிலையும் இதே சிந்தனையில்தான் போகிறது. சராசரிக்குப் பதில் இடைநிலை, மூன்று திட்ட விலக்கத்துக்குப் பதில் 99.865-வது சதமானத்துக்கும் (99.865 சதவீத அளவுகள் எதற்குக் கீழே விழுமோ அந்த மதிப்பு) இடைநிலைக்கும் உள்ள தூரம். நம் சொரசொரப்புக் கணக்கில் அந்தச் சதமானம் 2.29 மைக்ரான்:

(2.0 − 0.80) ÷ (2.29 − 0.80) = 0.81

லாக் வழியில் 0.87, இதில் 0.81. ஒரே டேட்டா, ஒரே பரவல், இரண்டு விடை. எதுவும் தப்பில்லை, சூத்திரம் வேறு. வாடிக்கையாளரின் ஆவணம் எந்தச் சூத்திரத்தைக் கேட்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் குறியீட்டோடு 'பத்து லட்சத்தில் இத்தனை' என்ற மதிப்பீட்டையும் சேர்த்து எழுதுங்கள், அதில் குழப்பம் குறைவு.

இன்னொன்று, பூஜ்யம் இயற்கையான தடுப்பு, அது கீழ் வரம்பு இல்லை. சமதளத்தன்மைக்குக் கீழ் வரம்பு என்ற கட்டத்தில் 0 என்று அடித்துவிட்டால் மென்பொருள் அதையும் ஒரு வரம்பாக எடுத்துக்கொண்டு, பாகம் நன்றாக ஆக ஆக சிபிகே குறைவதாகக் காட்டும். அந்தக் கட்டத்தை காலியாக விடுங்கள், அல்லது 'தாண்ட முடியாத எல்லை' என்று குறிக்கும் வசதி இருந்தால் அதைத் தட்டுங்கள்.

படி 6: எத்தனை அளவீடு போதும்?

99.865-வது சதமானம் என்பது சுமார் 740-ல் ஒரு பாகம். உங்களிடம் 50 அளவீடுகள்தான் இருந்தால் அந்த இடத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. பரவலை நம்பி ஊகிக்கிறீர்கள். கோட்டம் என்ற எண்ணும் சின்ன மாதிரியில் ஆட்டம் காட்டும். 30 அளவீட்டில் அதன் திட்டப் பிழை (மாதிரிக்கு மாதிரி அது ஆடும் அளவு) சுமார் 0.45, அதாவது சமச்சீரான பரவலிலிருந்தே 0.8 கோட்டம் தற்செயலாக வந்துவிட முடியும். 100 அளவீட்டில் திட்டப் பிழை 0.25 அளவுக்கு இறங்கும். இயல்நிலைச் சோதனைகளும் இதே மாதிரிதான், 15 அளவீட்டில் எதையும் பிடிக்காது, 5,000 அளவீட்டில் ஒன்றுக்கும் உதவாத சின்ன விலகலையும் பிடித்துக்கொண்டு சத்தம் போடும். நிகழ்தகவுத் தாளில் (பரவல் பொருந்தினால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும் படம்) புள்ளிகள் கோட்டை ஒட்டிப் போகின்றனவா, குறிப்பாக வரம்பு இருக்கும் பக்கத்து நுனியில், என்று கண்ணால் பார்ப்பதை நான் பி மதிப்பைவிட அதிகம் நம்புவேன்.

எந்தப் பரவலும் நம்பத் தோன்றவில்லை என்றால் பரவலே தேவைப்படாத வழியும் உண்டு. 59 பாகங்களை அளந்து எல்லாமே வரம்புக்குள் இருந்தால், குறைந்தது 95 சதவீதம் பாகங்கள் நல்லவை என்று 95 சதவீத நம்பகத்தோடு சொல்லலாம். 99 சதவீதம் நல்லவை என்று சொல்ல 299 பாகங்கள் வேண்டும். பரவலைத் தெரிந்துகொள்ளாததற்குக் கொடுக்கும் விலை அந்த எண்ணிக்கை. பாகத்தை உடைத்துப் பார்க்கிற சோதனையாக இருந்தால் அது கட்டுப்படியாகாது.

படி 7: இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது

பழைய முறை, புதிய முறை என்று செட்-அப் நேரத்தை ஒப்பிடுகிறீர்கள், இரண்டும் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. லாக் எடுத்து டி சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) செய்தால், விடையைத் திருப்பி மாற்றும்போது கிடைப்பது வித்தியாசம் அல்ல, விகிதம்: 'புதிய முறையில் வழக்கமான நேரம் இத்தனை சதவீதம் குறைவு' என்று சொல்லத் தோதாக இருக்கும். மான்-விட்னி சோதனையும் செய்யலாம், ஆனால் அது சராசரிகளை ஒப்பிடுவதில்லை. ஒரு குழுவின் மதிப்புகள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் போக்கு உண்டா என்றுதான் பார்க்கும்.

இங்கே ஒரு பொறி. சாய்ந்த டேட்டாவுக்கு இடைநிலைதான் நல்லது என்று படித்துவிட்டு எல்லா இடத்திலும் இடைநிலையைப் போடுபவர்கள் உண்டு. ஒரு வழக்கமான பாகம் எப்படி இருக்கும் என்று சொல்ல இடைநிலை சரி. ஆனால் மாதம் முழுவதும் பழுது பார்க்க எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை ஆள் வேண்டும் என்று திட்டமிடச் சாதாரணச் சராசரிதான் வேண்டும், மொத்த நேரம் என்பது சராசரி பெருக்கல் எண்ணிக்கைதானே. அடுக்குக்குறிப் பரவலில் இடைநிலை சராசரியின் 69 சதவீதம் மட்டுமே, அதை வைத்து ஆள் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வேலைக்கு ஆளே இருக்காது.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? டேட்டா எந்த வரிசையில் எடுக்கப்பட்டது, எந்தப் பரவல், அதை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரிக் காரணம், உருமாற்றம் இருந்தால் அதன் லாம்டா, எந்தச் சூத்திரம், எத்தனை அளவீடு, நீக்கிய புள்ளி ஏதாவது இருந்தால் எதற்காக நீக்கியது. நேர வரிசைப் படத்தை முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். படத்தில் அளவுகள் உருமாற்றப்படாத அசல் அலகிலேயே இருக்கட்டும், லாக் மைக்ரானை வைத்துக்கொண்டு மெஷினை யாராலும் திருத்த முடியாது.